பாத்துக்கலாமுங்க்கா

அந்த மனிதரை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. எரிகிற நேரத்திலும் வாயில் 'அவர்' என்றுதான் வருகிறது, 'அவன்' என்று வரவே மாட்டேன் என்கிறது. பழக்கதோஷம். பெயரைச் சொல்லப்போவதில்லை. இப்போது எங்கே இருக்கிறாரோ, அவருக்கும் பெண்டாட்டி பிள்ளைகள் இருப்பார்கள். அன்றைக்கு அவினாசி ரோட்டில் ஒரு கார் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் அட்வைசராக இருந்தார். வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினால் கையில் டேப்லெட்டோடு ஓடிவந்து, என்ன குறை என்று கேட்டு எழுதிக்கொண்டு உள்ளே அனுப்புவார்களே, அந்த வேலை. கேட்டதை எழுதுவதுதான் வேலை. இதை மட்டும் மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நாங்கள் சோமனூர்ப் பக்கம். வீட்டை ஒட்டியே தறிக்கூடம். வீட்டுக்காரருக்குத் தறி ஓடுகிற சத்தம் காதில் விழாவிட்டால் சோறு இறங்காது. காரும் ஓட்டத் தெரியாது. நூல் வாங்குவது, துணி மாதிரியைத் தூக்கிக்கொண்டு வியாபாரிகளைப் பார்ப்பது, மாமியாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது, மகளை ஹாஸ்டலில் கொண்டுபோய் விடுவது எல்லாம் என் தலையில்தான். அதற்காகத்தான் ஒரு டீசல் கார் வாங்கினோம். அந்தக் கார் நின்றால் எங்கள் வீட்டில் பாதி வேலை நின்றுவிடும்.

முதல் சர்வீஸுக்குப் போனபோதே மனிதர் என்னைக் கவிழ்த்துவிட்டார். கதவைத் திறந்துவிட்டு, "வாங்க்கா, வாங்க்கா. சோமனூர்லருந்துங்களா வாரீங்க? வெயில் கொளுத்துதுங்க. மொதல்ல உக்காந்து மோரு குடிங்க்கா, வண்டி எங்கீங்க போயிரப்போவுது" என்றார். மோர் வந்தது. கொத்தமல்லித் தழை கிள்ளிப் போட்ட மோர். எனக்குக் கூடப் பிறந்தவர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுக்குப் போனால் நானே அடுப்படிக்குப் போய்த்தான் தண்ணீர் மோந்து குடிக்க வேண்டும்.

அடுத்த சர்வீஸுக்குப் போனபோது, "பாப்பா ஹாஸ்டல்ல தயிரு புளிக்குதுன்னு சொல்லுச்சே, இப்பப் பரவால்லீங்களா?" என்று கேட்டார். எனக்குத் திக்கென்றது. அவரிடம் நான் சொன்னதே இல்லை. போன தடவை காத்திருந்த நேரத்தில் மகளோடு போனில் பேசியிருக்கிறேன், அவர் அந்தப் பக்கமாக நடந்து போயிருக்கிறார், அவ்வளவுதான். என்னிடம் மட்டும் இப்படி என்று நினைக்க வேண்டாம். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கோபிக்காரரிடம், காற்றில் சாய்ந்த வாழையெல்லாம் வெட்டி எடுத்தாயிற்றா என்று விசாரித்தார். ஒரு டாக்டரம்மாவிடம் அவர் வீட்டு நாய்க்குப் போட்ட தையல் பிரித்தாயிற்றா என்று கேட்டார். அந்தத் தலைக்குள் கோயமுத்தூர் ஜில்லாவின் குடும்ப விஷயம் முழுவதும் இருந்தது.

வீட்டுக்கு வந்து, "கூடப் பொறந்தவனாட்டப் பேசறாருங்க" என்று சொன்னேன். வீட்டுக்காரர் தறியிலிருந்து தலையைத் தூக்காமல், "பேசட்டும். வண்டியப் பாத்தாரா?" என்றார். நல்லது சொன்னால் இந்த மனிதருக்குப் பொறுக்காது என்று அன்றைக்கு எனக்கு எரிச்சலாக வந்தது.

மோரைக் குடித்துவிட்டு, குசலம் விசாரித்தவரிடம் எப்படி வேண்டாம் என்று சொல்வது, சொல்லுங்கள். "இஞ்சினுக்குள்ள கரி புடிச்சிருக்குமுங்க்கா, ஒரு மருந்து ஊத்திக் கழுவிட்டா வண்டி பஞ்சாட்டப் போகும்" என்பார். ஏசிக்குள் ஒரு மருந்து அடிக்க வேண்டும் என்பார். வண்டிக்கு அடியில் ஒரு பூச்சு பூச வேண்டும் என்பார். நான் "இருக்கட்டுமுங்க தம்பி" என்பேன். எங்கள் பக்கம் அப்படிச் சொன்னால் வேண்டாம் என்று பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும். அவருக்கும் தெரியும், அவர் ஒன்றும் வடக்கே இருந்து வந்தவரில்லை, பல்லடம் பக்கம்தான். ஆனால் டேப்லெட்டில் விரலை வைத்துத் தட்டும்போது மட்டும் அது சம்மதமாகிவிடும். வண்டியோடு கொடுத்த புத்தகத்தைப் பிற்பாடு உட்கார்ந்து படித்துப் பார்த்தேன். இஞ்சினைக் கழுவச் சொல்லி அதில் ஒரு பக்கத்திலும் இல்லை. ஆயிலை எப்போது மாற்றுவது, ஃபில்டரை எப்போது மாற்றுவது, எல்லாம் தெளிவாக இருக்கிறது. கழுவுகிற மருந்துக்கு மட்டும் அதில் இடமில்லை.

கிளம்பும்போது கதவைச் சாத்திவிட்டுக் கண்ணாடிப் பக்கம் குனிந்து ஒன்று சொல்வார். "பொழுதோட ஒரு போன் வருமுங்க்கா. பத்துக்கு எத்தனன்னு கேப்பாங்க. பத்து போட்டுருங்க்கா. ஒம்பதுன்னாக்கூட எனக்குத்தானுங்க பேச்சு வுழுகும்." நான் பத்து போடுவேன். விருந்துக்குப் போன வீட்டில் உப்பில்லாவிட்டாலும் நல்லாயிருக்குதுங்க என்று சொல்லிவிட்டு வருகிறவர்கள் நாங்கள். ஒரு எண்ணைச் சொல்வதில் என்ன குறைந்துவிடப் போகிறது என்று நினைத்தேன்.

இப்போது அந்தத் தண்ணீர் டப்பா விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை காலையில் எங்கள் வீட்டில் தறிக்குப் பொட்டு வைத்து, காருக்கும் பொட்டு வைப்போம். சக்கரத்துக்கு, கண்ணாடிக்கு வைத்துவிட்டு, பேனட்டைத் தூக்கி இஞ்சின் மேலும் சந்தனத்தில் ஒரு பொட்டு வைப்பேன். வேலை செய்வது அதுதானே, அதற்கு வைக்காமல் கண்ணாடிக்கு வைத்து என்ன பிரயோசனம். அப்படி வைக்கும்போது பக்கத்தில் கூலன்ட் டப்பா கண்ணில் படும். இஞ்சினைச் சூடாக விடாமல் காக்கிற தண்ணீர் அதில்தான் இருக்கிறது. மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு, தண்ணீர் இரண்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும். சில வாரமாகத் தண்ணீர் கீழ்க்கோட்டுக்கு இறங்கிக்கொண்டே வந்தது. தரையில் ஒரு சொட்டுக்கூட ஒழுகியிருக்கவில்லை. அப்படியானால் அது எங்கே போகிறது? வெளியே போகாத தண்ணீர் இஞ்சினுக்குள்தான் போக வேண்டும். அது நல்லதில்லை என்பதற்கு மெக்கானிக் படிப்பு வேண்டியதில்லை.

அவரிடம் சொன்னேன். "தம்பி, தண்ணி கொறைஞ்சுட்டே வருதுங்க. ஒழுகறதும் இல்லீங்க." எட்டிப் பார்த்தார். "பாத்துக்கலாமுங்க்கா" என்றார். சாயங்காலம் வண்டி வரும்போது டப்பா நிறைந்திருந்தது. எதனால் குறைந்தது என்று கேட்டேன். "ஒண்ணும் பிரச்சனையில்லீங்க்கா, நம்மாளுங்க ஊத்திப்போட்டாங்க. தண்ணி ஊத்துனதுக்கெல்லாம் உங்ககிட்டக் காசு வாங்குவனுங்களா?" என்று சிரித்தார். எவ்வளவு தங்கமான மனிதர் என்று நினைத்துக்கொண்டேன். காசு வாங்காததால் அது பில்லில் ஏறவில்லை. நான் சொன்ன குறையையும் அவர் எழுதவில்லை. இது எனக்கு அப்போது தெரியாது. டேப்லெட்டை நீட்டினார், விரலால் கையெழுத்துப் போட்டேன். அடுத்த சர்வீஸிலும் சொன்னேன். அப்போதும் பாத்துக்கலாமுங்க்காதான்.

அதற்கடுத்த தடவை மாமியாரையும் கூட்டிப்போயிருந்தேன். முழங்கால் டாக்டரைப் பார்த்துவிட்டு அப்படியே சர்வீஸுக்கு விடலாம் என்று. இந்த முறை விடக்கூடாது என்று முடிவு செய்துகொண்டு போயிருந்தேன். நானே பேனட்டைத் தூக்கி வைத்து, டப்பாவின் மேல் விரலை வைத்துக் காட்டி, "பாருங்க தம்பி, கோட்டுக்குக் கீழ போயிருச்சு" என்று பேச்சை ஆரம்பித்தேன். அதற்குள் மாமியார் இறங்குகிறேன் என்று கதவைப் பிடித்துக்கொண்டு பாதியில் நின்றுவிட்டார், காலை ஊன்ற முடியவில்லை. மனிதர் ஓடினார் பாருங்கள். உள்ளே போய் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து, மாமியாரைக் கைத்தாங்கலாக உட்கார வைத்து, "எங்கம்மாவுக்கும் இப்படித்தானுங்க இருந்துச்சு" என்று கோட்டைமேட்டில் ஒரு பாய் கடைத் தைலத்தைப் பற்றிச் சொன்னார். எப்படித் தேய்ப்பது, எந்த நேரத்தில் தேய்ப்பது, தேய்த்தபின் வெந்நீர் ஊற்றலாமா கூடாதா, எல்லாம். மாமியாருக்குக் கண் கலங்கிவிட்டது. பேனட் அதுபாட்டுக்குத் திறந்து கிடந்தது. அதற்குப் பிறகு தண்ணீரைப் பற்றிப் பேச எனக்கு வாய் வரவில்லை. சாயங்காலம் போன் வந்தபோது பத்து போட்டேன்.

சென்னிமலையில் ஒரு பெட்ஷீட் வியாபாரியைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போதுதான் அது நடந்தது. பெருந்துறை தாண்டி வந்துகொண்டிருக்கிறேன், சூட்டைக் காட்டுகிற முள் சரசரவென்று ஏறிச் சிவப்பைத் தொட்டது. உடனே ஓரம் கட்டி இஞ்சினை நிறுத்தினேன். ஒரு அடிகூட மேலே ஓட்டவில்லை. பேனட்டுக்குள்ளிருந்து ஆவி வந்தது, இனிப்பாக ஒரு வாடை. சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும் என்று தெரியும், அதனால் தொடவும் இல்லை. செய்ய வேண்டியதை எல்லாம் செய்தேன். வெயிலில் நின்றுகொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டு இழுவை வண்டிக்குச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் அட்வைசரே கூப்பிட்டார். "அக்கா, நீங்க பத்திரமா இருக்கீங்களா? நெழல்ல நில்லுங்க்கா. எதாச்சும் சாப்பிட்டீங்களா?" எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்புறம்தான் சேதி வந்தது. இஞ்சினின் தலைப் பக்கம் வளைந்துவிட்டது, தண்ணீர் ஆயிலோடு கலந்துவிட்டது, இஞ்சினையே பிரித்து முக்கால்வாசி மாற்ற வேண்டும். எங்கள் வண்டிக்கு நீட்டித்த வாரண்டி இருந்தது, இஞ்சின் அதில் அடக்கம். ஆனால் வாரண்டியில் வராது என்றார்கள். தண்ணீர் ரொம்ப நாளாகக் குறைந்திருக்கிறது, வண்டிக்காரர் சொல்லாமல் ஓட்டியிருக்கிறார், கவனக்குறைவு, எங்கள் பொறுப்பில்லை என்றார்கள். நானா சொல்லவில்லை? நானா? வீட்டுக்காரர், "ரெண்டு தறியக் குடுத்துட்டுச் செஞ்சுக்கலாம், உடு" என்றார். தறியை விற்கிறேன் என்று வீட்டுக்காரர் வாயால் சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன். நான் சண்டைக்குக் கிளம்பிவிட்டேன்.

கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்தார்கள். சர்வீஸ் சென்டர் மேனேஜர் ஒருவர், கார் கம்பெனியிலிருந்து வந்த இஞ்சினியர் ஒருவர். வாரண்டி உண்டா இல்லையா என்று இஞ்சினியர்தான் முடிவு செய்ய வேண்டும். அட்வைசர் ஓரமாக டேப்லெட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். மேனேஜர் சொன்னார், "மேடம், நீங்க தண்ணி கொறையுதுன்னு ஒரு தடவகூட கம்ப்ளெய்ன்ட் சொன்னதா எங்ககிட்ட இல்லீங்க. ஒவ்வொரு சர்வீஸுக்கும் பத்துக்குப் பத்து போட்டிருக்கீங்க. கொற இருந்துதுன்னா ஒரு அஞ்சோ ஆறோ போட்டிருப்பீங்கல்ல?"

கெஞ்சிக் கேட்டு வாங்கிக்கொண்டு போன பத்தை எடுத்து என் மேலேயே வீசுகிறார்கள். மரியாதைக்குச் சொன்ன ஒரு வார்த்தையைச் சாட்சியாகக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். இதைவிட அநியாயம் உண்டா? "இந்தத் தம்பியக் கேளுங்க. இவருகிட்டத்தான் ஒவ்வொரு தடவையும் சொன்னேன்" என்றேன். இஞ்சினியர் அவரைப் பார்த்தார். அவர் மேனேஜரைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, அதே வெல்லக் குரலில், "எனக்கு ஞாபகமில்லீங்க்கா" என்றார்.

ஞாபகமில்லையாம். என் மகள் ஹாஸ்டல் தயிர் ஞாபகம் இருக்கிறது. டாக்டரம்மாவின் நாய்க்குப் போட்ட தையல் ஞாபகம் இருக்கிறது. என் இஞ்சின் தண்ணீர் மட்டும் ஞாபகமில்லை. எழுந்து நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். அப்போதுதான் ஒன்று தோன்றியது. இந்த மனிதருக்கு மறக்கத் தெரியாது. பொய் சொல்லத் தெரியும், மறக்கத் தெரியாது.

"அது கெடக்குது உடுங்க தம்பி" என்றேன். "எங்க மாமியாருக்கு ஒரு தைலம் சொன்னீங்களே, தீந்துபோச்சுங்க. அது எந்தக் கடைங்க?"

அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "கோட்டைமேட்டுல பாய் கடைங்க்கா. பச்ச மூடி போட்ட பாட்டலுங்க, சேப்பு மூடி வாங்கிராதீங்க, அது எரியும். அன்னைக்கு அம்மா எறங்க முடியாமக் கதவப் புடிச்சுட்டு நின்னாங்களே, பாவமா இருந்துச்சுங்க. அரக்குச் சேல கட்டியிருந்தாங்க. நீங்க பேனட்டத் தூக்கி வெச்சு, தண்ணி கோட்டுக்குக் கீழ போயிருச்சுன்னு எனக்குக் காட்டிட்டிருந்தீங்க. நான்தானுங்க ஓடிப்போயி சேரு எடுத்தாந்து..."

அங்கே பேச்சை நிறுத்தினார். மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டார். இஞ்சினியர் மட்டும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அவங்க தண்ணியக் காட்டினாங்களா?" என்று மெதுவாகக் கேட்டார். அவர் டேப்லெட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஆமாங்க சார்" என்றார்.

இஞ்சின் வாரண்டியில் ஆயிற்று. தறி இரண்டும் எங்கள் கூடத்திலேயே ஓடுகின்றன. எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும், இல்லை. வண்டி எடுக்கப் போன அன்று அவர்தான் சாவியைக் கொண்டுவந்தார். முகம் சுண்டிப்போயிருந்தது. "ஏனுங்க தம்பி, ஏன் எழுதல?" என்று கேட்டேன். "எழுதுனா காரணம் கண்டுபுடிக்கோணுமுங்க்கா. கண்டுபுடிக்காம உட்டு மறுக்கா அதே கொற வந்தா என்ர பேர்ல வுழுகுமுங்க. மாசக் கடைசியில அதத்தான் மொதல்ல பாப்பாங்க" என்றார். தன் பெயரில் விழக்கூடாது என்று என் இஞ்சினுக்குள் விட்டிருக்கிறார். அதையும் அக்கா போட்டு, ங்க போட்டுச் சொல்கிறார். வழக்கம்போல மோர் வந்தது. நான் குடிக்கவில்லை. எங்கள் பக்கம் கொடுத்த மோரைத் தொடாமல் வைத்துவிட்டு எழுந்தால் அது செருப்பால் அடித்த மாதிரி. தெரிந்தேதான் வைத்துவிட்டு எழுந்தேன். பத்து போடச் சொல்லி அன்றைக்கு அவர் கேட்கவில்லை.

நீங்கள் யாராவது நாளைக்கு வண்டி விடப் போனால் மோரைத் தாராளமாகக் குடியுங்கள். ஆனால் நீங்கள் சொன்ன குறையை நீங்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதச் சொல்லுங்கள், எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள், அப்புறம் கையெழுத்துப் போடுங்கள். சும்மா செய்து தருகிறேன் என்றால் சும்மா செய்ததையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். தண்ணீர் குறைந்தால் ஊற்றினால் போதாது, ஏன் குறைந்தது என்று கேளுங்கள். மரியாதை கெட்டுப்போகும் என்று பார்த்தால் இஞ்சின் கெட்டுப்போகும்.

இரண்டு நாள் கழித்து அந்த போன் வந்தது. ஒரு சின்னப் பெண். ஒன்றிலிருந்து பத்து வரை எவ்வளவு மதிப்பெண் தருவீர்கள் மேடம் என்று கேட்டாள்.

"பூஜ்யம் இருக்குதா கண்ணு?"

"இல்லீங்க மேடம், ஒண்ணுலருந்துதான்."

"அப்ப ஒண்ணு போட்டுக்க."

காரணம் கேட்டாள். வெள்ளிக்கிழமைப் பொட்டிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். "நோட் பண்ணிக்கிட்டேன் மேடம்" என்றாள். எழுதினாளோ இல்லையோ, யாருக்குத் தெரியும்.

பொழுது இறங்கியதும் அவர் கூப்பிட்டார். எடுக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே எடுத்தேன்.

"அக்கா, ஒண்ணு போட்டுட்டீங்களாமே."

"ஆமாங்க தம்பி."

"செரிங்க்கா. நீங்க போட்டது செரிதானுங்க." பிறகு, "அம்மாவுக்கு முழங்காலு இப்ப எப்படி இருக்குதுங்க?" என்றார்.

பாருங்கள் அந்த நெஞ்சழுத்தத்தை. முன்பாக இருந்தால், பரவால்லீங்க, தேவலைங்க என்று ஏதாவது சொல்லியிருப்பேன். மாமியார் வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார், முழங்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கிக் கிடந்தது. "நல்லா இல்லீங்க தம்பி" என்றேன். "நீங்க சொன்ன தைலத்துல ஒண்ணும் கேக்கல. அப்படியேதான் இருக்குது."

நலம் விசாரித்தவரிடம் நல்லா இல்லை என்று நான் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் என்ன செய்வார் என்று எனக்கே தெரியவில்லை. அதே வெல்லக் குரல் வந்தது.

"பாத்துக்கலாமுங்க்கா."

போனை வைத்தேன். அன்றைக்கு வெள்ளிக்கிழமை இல்லை. ஆனாலும் வாசலுக்குப் போய், பேனட்டைத் தூக்கி டப்பாவைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தேன்.